கொம்மா என்றால் யார்?

கட்டைபறிச்சானில் ஒரு வீட்டுத் திண்ணை, மாலை நேரம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முற்றத்து மணலில் குந்தியிருந்து எதையோ கீறிக்கொண்டிருந்தாள். குசினிப் பக்கமிருந்து வந்த அவளுடைய அம்மம்மா, "கொம்மா எங்க புள்ள?" என்று கேட்டார். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வீட்டில் உள்ளோர் பெயர்களையெல்லாம் ஒருமுறை மனத்துள் எண்ணிப் பார்த்திருப்பாள் போலும். பின்னர், "கொம்மா எண்டு இங்க ஒருத்தரும் இல்லையே, அம்மம்மா" என்றாள்.

கிழவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உள்ளேயிருந்து வந்த சிறுமியின் தாய்க்கோ முகம் வாடிவிட்டது. "பிள்ளைக்கு முன்னால அப்படிக் கதைக்காதீங்க அம்மா, பட்டிக்காட்டுப் பேச்சு" என்று மெல்லக் கடிந்துகொண்டார். விருந்தினனாகத் திண்ணையில் அமர்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் இடையே எழுந்த வழக்கில் விருந்தாளி தீர்ப்புக் கூறுதல் முறையன்று. ஆயினும் அந்தச் சொல்லின் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டபாடில்லை.

கொம்மா என்பது "உன் அம்மா". கொப்பர் உன் தந்தை. கொண்ணர் உன் அண்ணன். கொக்கா உன் அக்கா. கொம்மான் உன் தாயுடன் பிறந்தவர். தாயை ஆச்சி என்று அழைக்கும் வீடுகளில் அது கோச்சி ஆகும். ஆத்தை என்ற வழக்கிலிருந்து கோத்தை பிறந்தது. இவை ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் பழகிய சொற்கள். உங்கள் அப்பா என்பது பேச்சிலே உங்கப்பா என்றும் உங்கொப்பா என்றும் திரிந்து, முன்னின்ற எழுத்துகள் நழுவிப்போகக் கொப்பா என நின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும். திரிபிலும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். அகரத்தில் தொடங்கும் சொல்லுக்குக் கொகரம்; ஆகாரத்தில் தொடங்கும் சொல்லுக்குக் கோகாரம். உயிரெழுத்தில் தொடங்காத சொல் இதற்கு இடங்கொடாது. கொம்மான் உண்டு; மாமா என்ற சொல்லுக்கு இவ்வுருவம் இல்லை. "கொதம்பி" என்று எந்தக் கிழவியும் சொல்லக் கேட்டவர் இரார். எழுதப் படிக்க அறியாதவரும் இவ்விதியில் பிழைவிடுவதில்லை.

இனிப் படர்க்கைக்கு வருவோம். என் வீட்டில் இருப்பவர் அண்ணன். உன் வீட்டில் இருப்பவர் கொண்ணர். மூன்றாம் ஒருவனுடைய அண்ணனைக் குறிக்கும்போது நம்மவர் "அவனுடைய தமையன்" என்பர். அக்கா, கொக்கா, தமக்கை என்பதும் இத்தகையதே. அப்பா, கொப்பா, தகப்பன் என்ற மூன்றும் அவ்வாறே நிற்கின்றன. தமையன் என்பது தம் ஐயன். தமக்கை தம் அக்கை. தகப்பன் தமப்பன் என்பதன் திரிபு. ஆகவே தன்மை, முன்னிலை, படர்க்கை என இலக்கணப் புத்தகத்தில் மாணவர் மனனம் செய்யும் மூவிடமும் உறவுச் சொற்களுக்கு உள்ளேயே நம்மூர்ப் பேச்சில் குடியிருக்கின்றன.

இது நேற்று முளைத்த வழக்கமா? குறுந்தொகையின் 40ஆம் பாட்டை அறிந்தவர்கள் அதில் யாய், ஞாய், எந்தை, நுந்தை என்ற நான்கு சொற்களும் வருவதை நினைவுகூரலாம். யாய் என்பது என் தாய். ஞாய் உன் தாய். தாய் என்பது பிறர் ஒருவருடைய தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அவ்வாறே. எம்பி, நும்பி, தம்பி என்றும், எங்கை, நுங்கை, தங்கை என்றும் இளையோருக்கும் இந்த மூவகை இருந்தது. கம்பர் தம் காவியத்தில் இராமன் வாயில் எம்பி என்ற சொல்லைப் பலமுறை வைத்திருக்கிறார். இவற்றுள் நுந்தை என்ற சொல்லுக்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. குற்றியலுகரம் சொல்லின் முதலில் வருவது முறைப்பெயரிலே மாத்திரம் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் விதி செய்கிறது. அதற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணம் நுந்தை. ஒரே ஓர் உறவுச் சொல்லை முன்னிட்டு இலக்கண ஆசிரியர் ஒரு சூத்திரம் இயற்றினார் என்றால், அச்சொல் அக்காலத்து மக்கள் நாவில் எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

ஆதியில் தந்தை என்று வெறுமனே ஒருவர் இல்லை. யாரோ ஒருவருடைய தந்தைதான் இருந்தார். பிற்காலத்தில் இந்தச் சொற்களின் உள்ளே இருந்த எம்மும் நும்மும் தம்மும் மறக்கப்பட்டன. படர்க்கைச் சொற்கள் மாத்திரம் எஞ்சிப் பொதுச் சொற்களாகிவிட்டன. இன்று நாம் "என் தந்தை", "என் தம்பி" என்று எழுதுகிறோம். பழைய கணக்கின்படி பார்த்தால் "என் அவனுடைய தம்பி" என்று எழுதுகிறோம் என்றாகும். எவரும் அதனைப் பிழையென்று கொள்வதில்லை, நானும் கொள்ளவில்லை.

மறந்தது எழுத்துமொழி. பேச்சு மறக்கவில்லை. நும் என்ற பழைய சொல் வழக்கொழிந்தபின், உங்கள் என்ற புதிய சொல்லைக் கொண்டு அதே அச்சில் மறுபடியும் வார்த்துக்கொண்டது. கொப்பர் நுந்தையின் நேர்ப் பிள்ளையல்லர். ஆனால் அதே வீட்டில் வளர்ந்தவர். வட இந்தியாவில் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் ஒராவோன் மக்கள் பேசும் குடுக்கு மொழியும் திராவிட மொழிகளுள் ஒன்று. அவர்கள் என் தந்தையை எம்பஸ் என்றும், உன் தந்தையை நிம்பஸ் என்றும், அவன் தந்தையைத் தம்பஸ் என்றும் கூறுவர். தாய்க்கு இங்யோ, நிங்யோ, தங்யோ. தமிழோடு பிரிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அம்மொழி இம்முறையை விடவில்லை. ஆகவே கட்டைபறிச்சான் கிழவியின் வாயிலிருந்து வந்தது பட்டிக்காட்டுப் பேச்சென்றால், அந்தப் பட்டிக்காடு மிகப் பெரியது, மிகப் பழையது.

மகள் முகம் வாடியதற்கும் காரணம் இல்லாமலில்லை. சண்டையிலே கொப்பனும் கோத்தையும் படும் பாட்டை அறியாதவர் யார்? வேலிச் சண்டை தொடங்கினால் எதிராளியை விட்டுவிட்டு அவனைப் பெற்றவர்களைத்தான் முதலில் இழுப்பார்கள். அதனால் இச்சொற்கள் முழுவதும் இழிவழக்கு என்று வகுப்பறைகளில் தடுக்கப்பட்டன. ஆனால் இழிவு இருப்பது முன்னொட்டில் அன்று. கொப்பன் என்பதில் அன் விகுதி இருக்கிறது; கொப்பர், கொண்ணர் என்பவற்றில் அர் விகுதி இருக்கிறது. "கொப்பர் சுகமா இருக்கிறாரா?" என்று கேட்கும் பெரியவர், கேட்கப்படும் பிள்ளையின் தகப்பனை மதித்தே கேட்கிறார். குற்றம் செய்த விகுதியை விட்டுவிட்டுக் குடும்பம் முழுவதையும் ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தது எந்த நியாயமோ!

உறவுச் சொற்களைக் கைவிட்ட பெரிய மொழிகளும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று ஆங்கிலம். அம்மொழி பேசியோர் இந்தக் கரைக்கும் வந்தனர். 1660ஆம் ஆண்டில் புயலில் பாய்மரம் இழந்த "ஆன்" என்ற ஆங்கிலக் கப்பல் செப்பமிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. கப்பற் தலைவரும் அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸும் மாலுமிகள் சிலரும் கண்டி அரசனுடைய ஆட்களால் பிடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டில் தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலே இலங்கையைப் பற்றிய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்றாயிற்று. அந்தக் கப்பலில் இருந்தவர்கள் சிற்றப்பனுக்கும் தாய்மாமனுக்கும் அங்கிள் என்ற ஒரே சொல்லை வழங்கியவர்கள். அவர்களுடைய முன்னோர் அப்படியல்லர்.

பழைய ஆங்கிலத்தில் தந்தையுடன் பிறந்தவன் ஃபெடெரா; தாயுடன் பிறந்தவன் ஏஅம். அத்தைக்கு ஃபாது, சின்னம்மா பெரியம்மாவுக்கு மோட்ரியே. நம்மைப் போலவே அவர்களும் தந்தை வழியையும் தாய் வழியையும் வெவ்வேறு சொல்லால் பிரித்து அறிந்தவர்கள். ஏஅம் என்பதையும் நம் அம்மான் என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தவுடன் இரண்டும் ஒன்றே என்று முழங்கச் சிலருக்கு நா துடிக்கும். அவசரம் வேண்டாம். ஏஅம் பாட்டனைக் குறிக்கும் ஒரு பழைய ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. அம்மான் அம்மை என்ற சொல்லின் இனம். ஒலி ஒத்தது தற்செயல். ஒத்துப்போவது வேறொன்று: அவ்விரு சொற்களும் குறித்த மனிதர்க்கு இருந்த மதிப்பு. கி.பி. 98ஆம் ஆண்டளவில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதிய உரோம ஆசிரியர் தாசிட்டஸ், அம்மக்களிடையே சகோதரியின் மகன் தந்தைக்கு எவ்வளவு அருமையோ அவ்வளவு அருமை தாய்மாமனுக்கும் என்று குறித்து வைத்தார். பழைய ஆங்கிலக் காவியமாகிய பேயோவுல்ஃபிலும் வீரன் தன் வெற்றிப் பரிசுகளைக் கொண்டுபோய் வைப்பது தாய்மாமனாகிய அரசனிடத்திலே.

பிறகு நிகழ்ந்ததை இங்கிலாந்தின் சரித்திரம் கூறும். 1066இல் நோர்மானியர் அந்நாட்டை வென்றனர். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஏறியது. ஏஅமும் ஃபெடெராவும் மெல்ல மெல்ல வழக்கிழந்தன. அவற்றின் இடத்தில் அங்கிள் வந்து அமர்ந்தது. வேடிக்கை என்னவெனில், அங்கிள் என்ற அச்சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்குத் தாய்மாமன் என்பதே பொருள். வழியிலே அதுவும் தன் பொருளைத் தொலைத்துவிட்டு வந்தது. ஆன்ட், கசின், நெவ்யூ, நீஸ் யாவும் பிரெஞ்சு வழியாக வந்தவையே. தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர் என்ற உள்வட்டத்துச் சொற்கள் மாத்திரம் பழைய சொற்களாகத் தங்கின. வீட்டின் நடு அறை தப்பியது, விறாந்தை பறிபோயிற்று. பிற்காலத்தில் ஜெர்மன் மொழியிலும் ஓகைம் என்ற பழைய தாய்மாமன் சொல் போய், பிரெஞ்சிலிருந்து வந்த ஒங்கெல் புழக்கத்துக்கு வந்தது.

நம் பக்கத்து ஊராகிய மூதூரில் வாழும் முஸ்லிம் சகோதரர்களின் தமிழைக் கேட்டால் இதற்கு நேர்மாறான காட்சி தென்படும். அவர்கள் வீட்டில் தாய் உம்மா, தந்தை வாப்பா, அண்ணன் காக்கா, அக்கா ராத்தா. உள்வட்டத்தில் வேறு சொற்கள் வந்துவிட்டன. ஆனால் மாமா, மாமி, மச்சான், மருமகன் ஆகிய சொற்கள் அசையவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவை வகுப்பவை இச்சொற்களே ஆகையால், அவற்றை மாற்றினால் கலியாணப் பேச்சே நின்றுவிடும் என்பது என் ஊகம். மச்சான் என்ற சொல் சிங்கள இளைஞர் நாவிலும் ஏறி, மச்சங் என்று இலங்கை முழுவதும் தோழமைச் சொல்லாக வழங்குவதைச் சொல்லவும் வேண்டுமா?

இப்போது அங்கிள் நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். அன்ரியும் கூடவே வந்திருக்கிறார். தெருவில் போகும் முன்பின் தெரியாதவரை அங்கிள் என்று அழைப்பதில் எனக்குப் பெரிய மனவருத்தம் கிடையாது. பெரியப்பாவும் அம்மானும் ஒரே அங்கிள் ஆகும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. நம் முறையில் பெரியப்பாவின் மகன் எனக்கு அண்ணனோ தம்பியோ ஆவான். அம்மானுடைய மகன் மச்சான். முன்னவன் என் தங்கைக்கும் உடன்பிறந்தான். பின்னவன் அவளை மணப்பதற்கு முறையுள்ளவன். இந்த நுட்பத்தைக் கண்டு 19ஆம் நூற்றாண்டிலேயே வியந்தார் அமெரிக்க ஆராய்ச்சியாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன். தமிழர் உறவுமுறைக்கும் தம் நாட்டு இரொக்குவா மக்களின் உறவுமுறைக்கும் உள்ள ஒற்றுமையை அவர் 1871இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். மேற்சொன்ன சிறுமியோ அத்தனை பேரையும் "கசின்" என்றாள். எவரை அண்ணா என்பது, எவரை மச்சான் என்பது என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் மீது பிழை இல்லை.

கிழக்கிலே இதன் கனம் இன்னும் அதிகம். வெருகலாற்றுக்குத் தெற்கே மட்டக்களப்பு நாட்டிலும் அதற்கப்பாலும் குடி என்பது தாய்வழியாக இறங்குவது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரு தாயின் வயிற்றிலிருந்து கிளைத்தவர்களை வயிற்றுவார் என்று வழங்கும் வழக்கும் அங்கே உண்டு. கோயிற் காரியங்களில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பது இன்றும் பேசப்படும் விஷயம். இத்தகைய நாட்டில் ஒருவனுடைய குடியில் அவனுக்கு முந்திய தலைமுறை ஆண்மகன் அவனுடைய அம்மான். தகப்பன் வேறு குடிக்காரர். அம்மானை அங்கிள் ஆக்கினால் குடிமரத்தில் ஒரு கொப்பு முறிகிறது.

குடி என்ற சொல்லும் சாமானியமானதன்று. வீடும் அதுவே, வீட்டில் இருப்போரும் அதுவே; குடிசை, குடியிருப்பு, குடிமகன் எல்லாம் அதன் வழி வந்தவை. ஆங்கிலத்தில் குடும்பத்தைக் குறிக்கும் ஃபமிலி என்ற சொல்லோ இலத்தீனில் முதலில் வீட்டு அடிமைகளின் கூட்டத்தைக் குறித்தது. லோர்ட் என்பவர் ஆதியில் ரொட்டியைக் காப்பவர். லேடி என்பவர் மாப் பிசைபவர். பெயர்களின் பழைய வீட்டைத் திறந்து பார்த்தால் பிரபுக்கள் எல்லோரும் அடுக்களையில்தான் இருக்கிறார்கள்! நம்மிடமும் ஏமாற்றும் சொற்கள் உண்டு. தாயாதி என்றவுடன் தாய்வழி உறவு என்று எண்ணத் தோன்றும். அது சொத்தின் பங்கைக் குறிக்கும் தாயம் என்ற வடசொல்லோடு சேர்ந்தது; தாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. திருகோணமலை மாவட்டத்துப் பழைய பிரிவுகளுக்குப் பற்று என்று பெயர்: கொட்டியாரப்பற்று, தம்பலகாமப்பற்று, கட்டுக்குளப்பற்று. பற்று என்றால் நிலப்பிரிவு, பற்றிக்கொள்ளுதல், அன்பு. மூன்று பொருளையும் ஒரே சொல்லில் வைத்தவர் யாரோ, இந்த மண்ணின் மக்களை அறிந்தவர்.

அந்தப் பற்று 2006ஆம் ஆண்டில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. மூதூர் கிழக்கில் போர் மூண்டபோது சம்பூர், கட்டைபறிச்சான், சேனையூர் முதலிய ஊர்களின் மக்கள் வெருகலைக் கடந்து வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் பெயர்ந்தார்கள். சம்பூர் மக்கள் பலர் தங்கள் காணிக்கு மீள 2015, 2016 வரை காத்திருக்க நேர்ந்தது; அவர்களிற் சிலர் அந்த ஆண்டுகளைக் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் அமைந்த முகாம்களில் கழித்தார்கள். ஊர்கள் கலைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த அக்காலத்தில், புதிதாகக் காணும் பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்ட முதற் கேள்வி "நீ ஆர்ட புள்ள?" என்பது. இரண்டாம் கேள்வி, "கொம்மாட ஊர் எது?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், பத்து நிமிடத்தில் எங்கேயோ ஓர் உறவு கண்டுபிடிக்கப்பட்டுவிடும், பிள்ளைக்கு ஒரு பாயும் ஒரு கோப்பைத் தேநீரும் கிடைத்துவிடும். பதிவேட்டில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக்கொண்டார்கள். கிழவிகள் கேட்டது அதுவன்று. நான் அந்தத் திண்ணையில் கண்ட அம்மம்மாவும் அவ்வாறு கேட்டுத்தான் வெருகலுக்கு அப்பால் தம் சிறிய தாயாரின் பேரன் ஒருவனைக் கண்டெடுத்ததாகக் கூறினார்.

சிறுமியின் விடுமுறை மூன்று வாரம் நீடித்தது. அம்மம்மா மகளுக்குக் கீழ்ப்படிந்து சில நாள் பேச்சை அடக்கிக்கொண்டதாகக் கேள்வி. ஆனால் வேலிக்கு அப்பாலிருந்த பிள்ளைகள் அடக்கவில்லை. கொக்கா எங்க, கொண்ணன் எங்க என்று நாள் முழுவதும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் மறுபடியும் அங்கே போயிருந்தேன். முற்றத்தில் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுச் சிறுவனுடைய அம்மான், கொழும்பிலிருந்து வந்தவர், படலையடியில் நின்று அவனைக் கைகாட்டி அழைத்தார். அவரை அங்கிள் என்று அழைத்துப் பழகிய நம் சிறுமி விளையாட்டை நிறுத்திவிட்டு, அவன் தோளைத் தட்டி, உரத்த குரலில் சொன்னாள்:

"டேய், கொங்கிள் கூப்பிடுறார்!"

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "இஞ்ச வா, உன்ட மகள் என்ன சொல்றா எண்டு கேளு" என்று மகளை அழைத்தார்.